சுவர் நம்முடையது, மனை கோயிலுடையது

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட பட்டா நகல் இன்னும் உனக்கு வந்து சேரவில்லை. "லாக்கர்ல இருக்குப்பா, திங்கக்கிழமை எடுத்து அனுப்புறேன்" என்று சொன்னேன். இன்று வெள்ளிக்கிழமை. நமக்கு லாக்கர் எதுவும் கிடையாது. பட்டாவும் கிடையாது. ஏழு வருடமாக நாம் குடியிருக்கும் இந்தக் கும்பகோணத்து வீட்டின் சுவரும் கூரையும் மாடிப்படியும் நம்முடையவை. அவை நிற்கிற மண் கோயிலுடையது. அதற்கு மாதாமாதம் வாடகை கட்டி வருகிறோம். இது உன் அப்பாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியாது. உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான்.

நாளை மறுநாள் கயலின் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதாக இருக்கிறார்கள். அதற்கு முன்னால் உன் வருங்கால மாமனாருக்கு ஒரு பட்டா நகல் வேண்டும் என்று நீ கேட்டாய். "ஜாதகம்கூட அவர் கேக்கலம்மா, பட்டாதான் கேக்குறாரு" என்று சொல்லிச் சிரித்தாய். ஒரத்தநாட்டுப் பக்கம் முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர் அவர். ஒரு குடும்பத்தைப் பட்டாவை வைத்துத்தான் அவருக்குப் படிக்கத் தெரியும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அவரை முதல்முறை பார்த்தபோதே "சொந்த வீடு மாமா, கடன் எதுவும் கிடையாது" என்று நீ சொல்லியிருக்கிறாய். நீ பொய் சொல்லவில்லை. உனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னாய். இந்தக் கடிதத்தில் வேறு எதை நீ மறந்தாலும் இந்த ஒன்றை மறந்துவிடாதே.

இதைப் போனில் சொல்லலாம் என்று மூன்று முறை முயன்றேன். உன் குரல் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும் போலிருக்கிறது. எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். நான் வீட்டு விஷயங்களை வெளியே பேசாதவள் என்று உனக்குத் தெரியும். நூலகத்திலிருந்து எடுத்து வரும் புத்தகங்களில் யார் யாருடைய வாழ்க்கையையோ வரிவிடாமல் படிப்பேன். என் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன். அதில் பாதி மறைப்புதான் என்பது இந்த ஒரு வாரத்தில் புரிந்தது.

பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன். நீ பிறந்தபோது எனக்கு எதுவும் தெரியாது. நீ பல் துலக்கக் கற்றுக்கொண்ட வயதில்தான் நான் வங்கிப் படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டேன். உனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, தாம்பரம் தாண்டி, மூன்றாவது மாடியில் அந்தப் பிளாட்டை வாங்கினோம். இருபது வருடக் கடன். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்கள் எல்லாரும் "சொந்த வீடு ஆயிடுச்சு" என்று உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அவரும் தலையாட்டினார். பத்திரம் வங்கியில் இருந்தது. வீட்டுக்குள் நாம் இருந்தோம். அதைச் சொந்த வீடு என்று சொல்வதில் அன்றைக்கு யாருக்கும் ஒரு தயக்கமும் இல்லை.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் உனக்கு நினைவிருப்பது கீழ்த்தளத்தில் நீ ஆடிய கிரிக்கெட்டும், மொட்டை மாடியிலிருந்து பார்த்த விமானங்களும். எனக்கு நினைவிருப்பது ஐந்தாம் தேதி. தவணை போகிற தேதி அது. நான்காம் தேதி சாயங்காலத்திலிருந்தே உன் அப்பாவுக்கு வயிறு சரியிருக்காது. சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பேன். ஐந்தாம் தேதி காலையில் போனில் செய்தி வந்ததும்தான் அவர் சட்டை போடுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் தேதியைப் பார்ப்பேன். மாத முதல் வாரமாக இருந்தால் எனக்குத் தலைவலி, மாதக் கடைசியாக இருந்தால் உனக்குப் பரீட்சை. எத்தனையோ கல்யாணங்களுக்கு இல்லாத பரீட்சைகளை நீ எழுதியிருக்கிறாய்.

ஆறாம் வகுப்பில் உன் பள்ளியிலிருந்து ஊட்டிக்குப் போனார்கள். நீ கையெழுத்து வாங்க வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் முடியாது என்று சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், அவ்வளவுதான். நான் அப்படிச் சொல்லவில்லை. "மலைப்பாதையில பஸ் கவிழுதுடா, பேப்பர்ல போட்டிருக்கான், வேணாம்" என்றேன். நீ நம்பினாய். வகுப்பில் மற்றவர்களையும் போகாதீர்கள் என்று எச்சரித்ததாக உன் டீச்சர் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். பல வருடம் கழித்து, நீ கல்லூரியில் படித்தபோது, கொடைக்கானல் போய்விட்டு வந்த உன் நண்பன் ஒருவன் நம் வீட்டில் உட்கார்ந்து, "ஆன்ட்டி, இவன் வண்டியில ஜன்னல் பக்கம் உக்காரவே மாட்டேங்குறான், கண்ணை மூடிக்கிட்டே வர்றான்" என்று கேலி செய்தான். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். அந்தப் பயத்தை உனக்குள் வைத்தவள் நான். நாம் வாங்கிய கடனில் உன் உடம்புக்குள் போனது அது.

பிறகு உன் அப்பாவின் கம்பெனியில் அவருடைய பிரிவை மூடினார்கள். வேறு பிரிவில் போட்டார்கள், பாதிச் சம்பளத்துக்கு. நீ அப்போது பதினோராம் வகுப்பில் இருந்தாய். மீதி எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கியில் போய்க் கேட்டோம். பன்னிரண்டு வருடம் கட்டிய பிறகும் அசல் பாதிகூடக் குறைந்திருக்கவில்லை. திரும்பி வரும் வழியில் உன் அப்பா ஒரு டீக்கடையில் நின்று, "வித்துட்டுப் போயிடலாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, டீயைப் பார்த்தார். "போயிடலாம்" என்றேன். எங்கே என்று இருவருக்கும் தெரியாது. பிளாட்டை விற்றுக் கடனை அடைத்தால் கையில் நிற்கும் பணத்துக்கு எந்த ஊரில் வீடு கிடைக்குமோ, அந்த ஊர்.

கும்பகோணத்தில் நமக்கு யாரும் இல்லை. உன் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், அங்கே ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்றார். அவ்வளவுதான் காரணம். வீடு காட்டியவர் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். மூன்று வீடு காட்டினார். மூன்றும் நம் கைக்கு எட்டவில்லை. நான்காவதாக இந்தத் தெருவுக்குள் கூட்டி வந்து, கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே உன் அப்பாவிடம் சொன்னார்:

"லோன் போடுறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார், வேற பார்ப்போம். இந்தத் தெருவுல எந்த பேங்க்காரனும் கால் வைக்க மாட்டான்."

"ஏன், வில்லங்கமா?"

"வில்லங்கம்லாம் ஒண்ணும் இல்ல. அடிமனை கோயிலோடது. மேல இருக்குற கட்டடம் கட்டினவங்களோடது. மாசாமாசம் மனைக்கு வாடகை கட்டிக்கிட்டே இருக்கணும். மூணு தலைமுறையா அப்படித்தான் இருக்காங்க."

"சாமி ஒரு நாள் காலி பண்ணச் சொன்னா?"

"சாமி எதுக்கு சார் சொல்லப் போவுது? சொன்னா ஆபீஸ் சொல்லும். அதுவும் கேஸு, கோர்ட்டுன்னு போய் முடியறதுக்குள்ள உங்க பேரனுக்கே கல்யாணம் ஆயிடும்." பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் மறைச்சு விக்கிறவன் இல்ல. விலை எதுக்குக் குறையுதுன்னு தெரிஞ்சு வாங்குங்க" என்றார்.

அவர் சொன்ன விலை முந்தைய வீடுகளின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உன் அப்பா என்னை ஓரமாகக் கூட்டிப் போய், வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். எனக்கோ, எந்த வங்கியும் தொடாத வீடு என்று அவர் சொன்னதே போதுமாக இருந்தது. இனி ஒருநாளும் இந்த வீட்டை வைத்து யாரும் கடன் கொடுக்க முடியாது, நாமும் வாங்க முடியாது. அன்றைக்கு இருந்த மனநிலையில் அதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. கடனைப் பார்த்துப் பயந்தவள், பத்திரம் இல்லாததைப் பார்த்தும் பயந்திருக்க வேண்டும். அது தோன்றவில்லை. பழைய வீட்டுக்காரர் திருச்சியில் மகளோடு இருந்த ஒரு வயதான அம்மா. கட்டடத்தை மட்டும் நமக்குக் கொடுத்ததாகப் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதிவு செய்யவில்லை. மனை நம்முடையது இல்லையே, எதைப் பதிவு செய்வது? கோயில் அலுவலகத்தில் வாடகைப் பேரேட்டில் பெயர் மாற்றக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். மாறுவதற்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரை அந்த அம்மா பெயரிலேயே கட்டினேன்.

சாமான் வண்டியில் நீ டிரைவருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். விழுப்புரம் தாண்டும்வரை என்னோடு பேசவில்லை. உன் பள்ளிக்கூடம், உன் டீம், கீழ்வீட்டுப் பையன்கள் எல்லாவற்றையும் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறியபோது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "இதாவது நம்மளுதா?" பதினேழு வயதுப் பையனின் கேள்வி. அதில் கோபம் இருந்தது. அதற்குக் கீழே, ஒரேயொரு நல்ல செய்தி வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. "நம்மளுதான்டா. முழுசா நம்மளுது" என்றேன். பின்னால் சாமானோடு உட்கார்ந்திருந்த உன் அப்பாவுக்கு இது கேட்டிருக்காது என்று நினைத்தேன். இறங்கியதும் அவர், "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். "அப்புறம் சொல்லிக்கலாம்" என்றேன்.

அந்த அப்புறம் ஏழு வருடம் வரவில்லை. முதலில் நீ கோபமாக இருந்தாய், அதனால் சொல்லவில்லை. உன் பெட்டியைப் பிரிக்கவே ஆறு மாதம் ஆனது. இந்த ஊரை "ரிடையர்மென்ட் ஊர்" என்றாய். பிறகு உன் கோபம் தணிந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டாய், தெருவில் ஒரு டீம் சேர்த்தாய். தெருவில் யாரும் உன்னிடம் மனையைப் பற்றிப் பேசியதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் பேசப்போகிறார்கள்? நான் மாதம் ஒருநாள் தவறாமல் கோயிலுக்குப் போவதை நீ பக்தி என்று நினைத்தாய். நான் போனது அலுவலகத்துக்கு, வாடகை கட்ட. கட்டிவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று உள்ளே போய்க் கும்பிட்டு, விபூதி வாங்கி வந்து உன் நெற்றியில் பூசுவேன். "எங்க அம்மா ரொம்ப பக்தி, மாசாமாசம் போயிடுவாங்க" என்று கயலின் அம்மாவிடம் நீ பெருமையாகச் சொன்னபோது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இப்போது கொஞ்சம் பக்தியும் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆனால் தம்பி, இந்த வீட்டுக்கு வந்ததற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை. வந்த முதல் மாதத்தில் ஒருநாள் காலை உன் அப்பா எழுந்து வந்து, "சீரகத் தண்ணி வேணாம், காபி குடு" என்றார். அன்று ஐந்தாம் தேதி என்பது எனக்கு அவர் பாதிக் காபி குடித்த பிறகுதான் உறைத்தது. அவருக்கும் உறைத்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பல வருடம் பார்த்திருக்கவில்லை. உன்னுடைய முதல் வேலையில் உன்னை நடத்திய விதம் பிடிக்காமல் நான்கே மாதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? நீ பயந்துகொண்டே வந்தாய். அவர், "சாப்பிட்டுத் தூங்கு, வேற பார்க்கலாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதம் நீ வீட்டில் இருந்தாய், பிடித்த வேலை சென்னையில் கிடைக்கும்வரை காத்திருந்தாய். தாம்பரத்து வீட்டில் இருந்திருந்தால் அவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. என்னாலும் முடியாது. குறைந்த விலைக்கு வந்த இந்த வீடு நமக்குக் கொடுத்தது அந்த மூன்று மாதம். அதை நான் எந்தப் பட்டாவுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவு நல்லதையும் ஒரு பொய்யின் மேல் உட்கார வைத்தேன் என்பதுதான் என் தவறு. போன வருடம் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது கோயில் அலுவலகத்திலிருந்து தெருவுக்கே ஒரு நோட்டீஸ் வந்தது. வாடகையை உயர்த்தியிருந்தார்கள், முன்தேதியிட்டு. நீ கூடத்தில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாய். நான் அதை மடித்து அரிசிப் பானைக்குள் போட்டேன். தெருக்காரர்கள் கூடிப் பேசப் போனபோது, "சங்கத்துல ஏதோ கூட்டம்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு உன் அப்பாவை அனுப்பினேன். மனு கொடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. உயரலாம், குறையலாம். என்றைக்காவது காலி செய்யச் சொல்வார்களா என்று கேட்டால், ஒரு வக்கீல் சொல்ல மாட்டார்கள் என்கிறார், இன்னொருவர் சொல்ல முடியாது என்று நினைக்காதீர்கள் என்கிறார். எனக்குப் பிறகு சுவர் உனக்கு வரும். மனைக்கு நீயும் போய் ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நீ பட்டா கேட்ட அன்று உன் அப்பா ஒரு யோசனை சொன்னார். "பத்திரம் பேங்க்ல இருக்குன்னு சொல்லிடலாம். ஏதோ சின்ன லோனு, இன்னும் முடியலன்னு."

நான் சிரித்துவிட்டேன். "ஏங்க, கடன் இல்லாம இருக்கத்தான இங்க வந்தோம்?"

அவர் சிரிக்கவில்லை. "லோன் இருக்குன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. ஊருல எல்லாருக்கும் இருக்கு. மனை கோயிலோடதுன்னாதான் ஏதோ மாதிரி பார்ப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னைக் கலக்கியது. இருபது வருடம் தலையில் கடன் இருந்தால் மரியாதை. கடனே இல்லாமல், அடுத்தவர் மண்ணில் ஒழுங்காக வாடகை கட்டி இருந்தால் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்காக, நாம் பாடுபட்டு இறக்கி வைத்த கடனையே பொய்யாக மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளத் தயாராக இருந்தோம். அப்போதும் நான் முடிவு செய்யவில்லை. செவ்வாய் போனது, புதன் போனது.

நேற்று வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உன் அப்பா கடையிலிருந்து கூப்பிட்டார். "ஏம்மா, கயலோட அப்பா வந்திருக்காரு. சீர் பாத்திரம் விலை கேக்க வந்தாராம். நான் வேலை பாக்குற கடைன்னு தெரியாமயே வந்துட்டாரு. வீட்டுக்குக் கூப்பிடாம எப்படி அனுப்புறது?"

"கூட்டிட்டு வாங்க."

"பட்டா பேச்சு எடுத்தா?"

"கூட்டிட்டு வாங்க" என்றேன்.

வந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கூரை உத்தரத்தையெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல வீடு தங்கச்சி. காத்து நேரா வருது" என்றார். காபியை ஆற்றிக்கொண்டே, "மாப்ள பட்டா அனுப்புறேன்னாரு. அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவா வரட்டும்" என்றார். நான் வாயைத் திறக்குமுன் உன் அப்பா, "அது வந்து, பேங்க்ல..." என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்கண்ணே" என்றேன். "பட்டா இல்ல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அடிமனையா?"

"ஆமாங்க."

"ரசீது யார் பேர்ல போடுறாங்க?"

"இப்ப என் பேர்ல. முதல் ரெண்டு வருஷம் பழைய வீட்டுக்கார அம்மா பேர்ல."

"வாங்கினதைப் பதிவு பண்ணீங்களா?"

"இல்லீங்க. பத்திரத்தாள்ல எழுதிக்கிட்டதோட சரி."

"பாக்கி?"

"பாக்கி வச்சதில்லீங்க. வாடகையை ஏத்தி நோட்டீஸ் வந்திருக்கு. தெருவே சேர்ந்து மனு குடுத்திருக்கோம்."

அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்வதுபோல் இருந்தது. டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "தெரு பேரைச் சொன்னப்பவே எனக்கு லேசா தோணுச்சு. மாப்ள அவ்வளவு அடிச்சுச் சொன்னதால விட்டுட்டேன். அவரு ஏன் அப்படிச் சொன்னாரு?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் வாயைத் திறந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "அவனுக்குத் தெரியாதுங்க. நான்தான் சொல்லல. வந்த அன்னைக்கே சொந்தம்னு சொல்லி வச்சுட்டேன். அவன் அதைத்தான் உங்ககிட்ட சொல்லியிருக்கான்."

அவர் உன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றார்.

"ஏழு வருஷமாவா?"

"ஏழு வருஷமா."

"என் சர்வீஸ்ல அண்ணனுக்குத் தெரியாம நிலத்தை வித்த தம்பியைப் பார்த்திருக்கேன்" என்றார். "பொண்டாட்டிக்குத் தெரியாம அடமானம் வச்சவனைப் பார்த்திருக்கேன். பெத்த புள்ளைக்குத் தெரியாம ஒரே வீட்டுல வாடகை கட்டிக் குடியிருந்தவங்களை இப்பத்தான் பார்க்குறேன்."

அவர் சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "கயலுக்கு நான் சொல்லவா, மாப்ள சொல்வாரா?" என்று கேட்டார்.

"அவனே சொல்லட்டுங்க. ரெண்டு நாள் குடுங்க."

"நாளை மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நான் வாயைத் திறக்கல. ஞாயித்துக்கிழமை வர்றதைப் பத்தி அதுக்கப்புறம் வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்." அவ்வளவுதான் சொன்னார். பாத்திர விலை எழுதிய சீட்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறந்து வைத்தாரா, இனி வேண்டாம் என்று வைத்தாரா என்று நாங்கள் இருவரும் நேற்று பொழுது சாயும்வரை பேசினோம். உன் அப்பா மறதி என்கிறார். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் காகிதத்தோடு வாழ்ந்தவர் ஒரு காகிதத்தை மறப்பாரா?

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டேன். இது நான் செய்த இரண்டாவது தவறு, தெரிந்தே செய்தது. அந்த நிமிடத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால் உன் அப்பாவின் வாயிலிருந்து ஒரு புதுப் பொய் வந்திருக்கும், அதையும் நீதான் சுமந்திருப்பாய். இந்தக் கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், நீ அவரை ஏமாற்றவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். இந்த வீட்டில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாதது அது ஒன்றுதான்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதைப் படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடாதே. கயலைக் கூப்பிடு. நாளை சாயங்காலத்துக்குள் உன் வாயால் அவளிடம் சொல். எங்கம்மா இப்படிச் செய்துவிட்டாள் என்று என்மேல் போட்டே சொல், அது உண்மைதானே. ஆனால் அதைச் சிறிதாக்கிச் சொல்லாதே. பட்டா இல்லை, பதிவு இல்லை, வாடகை உயரலாம், இதன்மேல் கடன் வாங்க முடியாது, விற்பது கஷ்டம் என்று எல்லாவற்றையும் சொல். அவள் யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கட்டும். வேண்டாம் என்றால் அவள்மேல் கோபப்படாதே. தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. தெரிந்துகொண்டு வேண்டும் என்று சொல்லவும் இருக்கிறது. அந்த இரண்டாவதை உனக்கு நான் கிடைக்கவிடாமல் செய்யப் பார்த்தேன்.

ஒருநாள் நீ வீடு வாங்குவாய். கடன் வாங்கலாமா, வாங்கக் கூடாதா, சென்னையிலா, வேறு ஊரிலா என்று நான் சொல்லப்போவதில்லை. எங்களுக்கு ஒத்துவந்தது உனக்கு ஒத்துவர வேண்டியதில்லை. எங்களுக்கே முழுதாக ஒத்துவந்ததா என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள். உன் பிள்ளை ஒருநாள் உன் முன்னால் ஒரு காகிதத்தோடு வந்து நிற்கும். அப்போது முடியாது என்றால் முடியாது என்று சொல். பஸ் கவிழும் என்று சொல்லாதே. வசதி இல்லாததைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். நீ என்னுடைய எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டவன், அதனால் எனக்குத் தெரியும்.

என்மேல் உனக்கு வரப்போகும் கோபத்தை நான் குறைத்து எடைபோடவில்லை. சாமான் வண்டியில் நீ பேசாமல் வந்ததைவிட இது அதிகமாக இருக்கும். ஒரு வாரம் பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இரு. ஆனால் நாளை இரவு பஸ்ஸில் கிளம்பி வா. கோபத்தோடு வா, பேசாமல் வந்து உட்கார்.

ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு நாளைக் காலையில் எத்தனை பேருக்கு அரிசி ஊறப் போடுவது என்று உன் அப்பா இரண்டு முறை கேட்டுவிட்டார். அவர்கள் வரலாம், வராமலும் போகலாம். பத்துப் பேருக்குப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். யாரும் வராவிட்டால் வாரம் முழுக்க நாம் மூன்று பேரும் தோசை சாப்பிடுவோம்.

உன் அம்மா